நெடுந்தீவுக்குப் போன பன்னிரண்டு போத்தல்கள்

"அக்கா, இனிப்புக் குறைஞ்சிட்டுது! நேற்று ஒரு போத்தல் திறந்து பாத்தனான். போன கிழமை பாணி மாதிரி இருந்தது. இப்ப நல்லா வந்திட்டுது. நீங்கள் வந்து குடிச்சுப் பாருங்கோவன்."

வீட்டில் காய்ச்சிய பியரைப் பற்றித் தேவகி தொலைபேசியில் அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னாள். நான் புதுச்சேரியில் என் வீட்டுக் கட்டிலில் பெட்டியைத் திறந்து வைத்துப் புடவைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுவிட்டது.

"தேவகி, மூடி போட்டு எத்தனை நாளாச்சு?"

"பன்ரண்டு நாள்."

"மூடி போட்ட பிறகா இனிப்பு குறைஞ்சுது?"

"ஓமக்கா."

பியர் ஆலை ஒன்றின் ஆய்வுக்கூடத்தில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள் நான். போன வருடம்தான் ஓய்வு பெற்றேன். பியரில் இருக்கும் இனிப்பை ஈஸ்ட் தின்று சாராயமாகவும் வாயுவாகவும் மாற்றும். தொட்டியில் அது நடந்தால் வாயு வெளியே போய்விடும். மூடிய பாட்டிலுக்குள் நடந்தால் அது எங்கே போகும்? குறைந்த இனிப்பு முழுவதும் வாயுவாகக் கண்ணாடியை உள்ளிருந்து தள்ளிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஆலையில் ஒருமுறை அப்படி ஒரு பாட்டில் வெடித்தது. எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெண் அன்றிலிருந்து ஒரு கண்ணால்தான் பார்க்கிறாள்.

"அந்த அறைக்குள்ள யாரும் போகாதீங்க. நாளைக்கு நான் வந்துடுவேன்," என்றேன். அவள் சிரித்தாள். "நீங்கள் எப்பவும் இப்பிடித்தான்," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

பதினொரு வருடங்களுக்கு முன் ஆலையிலிருந்து என்னை மூன்று மாதப் பயிற்சிக்கு ஜெர்மனிக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஊர் பியர் ஆலையில் பாட்டில் கழுவும் கூடத்தில் வேலை செய்தவள்தான் தேவகி. யாழ்ப்பாணத்துப் புங்குடுதீவுக்காரி. நான் ரொட்டியும் உருளைக்கிழங்குமாக வாடிப்போயிருப்பதைப் பார்த்து, ஞாயிறுதோறும் வீட்டுக்கு அழைத்துச் சோறு போட்டாள். போன வருடம் அவளும் கணவர் தவமும் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். பத்து நாள் வந்து இருந்துவிட்டுப் போகும்படி ஓயாமல் கூப்பிட்டாள். ஓய்வெடுக்கத்தான் கிளம்பினேன்.

பலாலி விமான நிலையத்தில் இறங்கி யாழ்ப்பாணம் பேருந்து நிலையத்துக்கு வந்தபோது காலை பதினொன்று இருக்கும். புங்குடுதீவின் இறங்குதுறையான குறிகட்டுவானுக்குப் போகும் பஸ் புறப்பட இன்னும் நேரமிருந்தது. ஒரு கடையில் வடையும் பிளேன்ரீ என்கிற பால் விடாத தேநீரும் வாங்கினேன். எங்கள் ஊர் வடையைவிடத் தட்டையாக, மொறுமொறுவென்று இருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் நாலு தின்றிருப்பேன். அன்று பாதியைக் காகிதத்தில் சுற்றிக் கைப்பையில் வைத்துவிட்டேன். வெயில் தலையைப் பிளந்தது. இந்தச் சூட்டில் அந்த அறை எப்படி இருக்கும் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை.

அல்லைப்பிட்டியைத் தாண்டி, வேலணையைத் தாண்டி, கடலுக்கு நடுவே போடப்பட்ட நீண்ட பாதையில் பஸ் ஏறியது. இரண்டு பக்கமும் தண்ணீர். பாதித் தூரத்தில் 'டமார்' என்று ஒரு சத்தம். நான் கத்திவிட்டேன். பின்சக்கரம் வெடித்திருந்தது. பக்கத்தில் மடியில் கத்தரிக்காய்ப் பையோடு இருந்த பெண் என் கையைப் பிடித்தாள்.

"ரயர்தான், பயப்பிடாதேங்கோ. இந்தியாவில இருந்தோ வாறியள்?"

"ஆமாங்க."

"ஏன் இப்பிடி நடுங்குறியள்?"

 அவள் கடலைப் பார்த்துக்கொண்டே, "நானும் முந்தி இப்பிடித்தான் நடுங்குவன்," என்றாள். பிறகு சக்கரம் மாற்றி முடியும்வரை கத்தரிக்காய் விலையைப் பற்றியே பேசினாள்.

புங்குடுதீவு மடத்துவெளியில் இறங்கியபோது தேவகி சைக்கிளோடு காத்திருந்தாள். முகத்தில் தொலைபேசியில் கேட்ட சிரிப்பு இல்லை.

"அக்கா, ஒண்டு வெடிச்சிட்டுது. விடியக் காலமை."

பின்னறைக் கதவைத் தவம் நீண்ட தடியால் தள்ளித் திறந்தார். நாங்கள் மூவரும் சுவரோடு ஒட்டி நின்று எட்டிப் பார்த்தோம். பழக்கூடைகளில் அடுக்கிய பழுப்புப் பாட்டில்கள். தரையெல்லாம் ஒட்டும் ஈரம். அதை மொய்த்துக்கொண்டு எறும்புகள். எதிர்ச்சுவரில் இருந்த அலுமாரிக் கதவில், என் மார்பு உயரத்தில், ஒரு கண்ணாடித் துண்டு குத்திக்கொண்டு நின்றது. சீமெந்துத் தரையும் மர அலுமாரியும் உள்ள சாதாரண அறை அது. அதற்குள் காலடி வைக்க எனக்குத் துணிவு வரவில்லை.

கதவைச் சாத்திவிட்டு வெளியே மாமரத்தடியில் கதிரை போட்டு உட்கார்ந்து நடந்ததைக் கேட்டேன். முளைகட்டிய பார்லியில் எடுக்கும் மால்ட் பாகு ஜெர்மனியிலிருந்து ஒரு உறவினர் கொண்டுவந்தது. தேவகி கடும் பியர் காய்ச்ச விரும்பினாள். கடும் பியருக்கு நிறைய இனிப்பு வேண்டும். ஒரு வாரம் நன்றாக நுரைத்தது. பிறகு நுரை அடங்கியது. மூன்று நாள் பொறுத்துப் பார்த்தாள், அசைவில்லை. வாயில் வைத்தால் இன்னும் தித்திப்பு. கடும் பியரில் கொஞ்சம் இனிப்பு மிஞ்சுவது வழக்கம்தானே என்று பாட்டிலில் அடைத்துவிட்டாள்.

"ஜெர்மனியில மூண்டு தரம் காய்ச்சினனான் அக்கா. ஒரு பிழையும் வரேல்ல."

"அங்க குளிர், தேவகி. இங்க இருக்கிற சூட்டில ஈஸ்ட் கண்டபடி ஓடிக் களைச்சுப் படுத்திருக்கு. படுத்ததை முடிஞ்சதுன்னு நினைச்சுட்டே." எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருந்தது. "ஆனா களைச்ச ஈஸ்ட் பன்னிரண்டு நாளில இவ்வளவு தின்னாது. எந்தப் பாத்திரத்தில புளிக்க வச்சே?"

தவம் தலையைச் சொறிந்தார். "அந்த நீல வாளி. போன வருசம் அதிலதான் கள்ளு வாங்கி வச்சனான். நல்லாக் கழுவினது அக்கா."

பிளாஸ்டிக் கீறலுக்குள் ஒளிந்திருக்கும் கள்ளு ஈஸ்ட் கழுவினால் போகாது. பியர் ஈஸ்டால் தின்ன முடியாமல் மிச்சம் விடுகிற இனிப்பைக்கூட அது தின்னும். மெதுவாக, நிறுத்தாமல். கடைசிச் சொட்டு இனிப்பு தீரும்வரை ஓயாது.

"மொத்தம் எத்தனை பாட்டில்?"

"அறுபது அடைச்சனான்."

நான் கதவிடுக்கால் எண்ணியிருந்தேன். "உள்ளே நாற்பத்தாறுதான் இருக்கு. ஒண்ணு நீ திறந்தது, ஒண்ணு வெடிச்சது. மிச்சம்?"

தேவகி கணவரைப் பார்த்தாள். பிறகு நிலத்தைப் பார்த்தாள். "பன்ரண்டு போத்தல் நெடுந்தீவுக்குக் குடுத்துவிட்டனான். தம்பிக்கு ஞாயிற்றுக்கிழமை பிறந்தநாள்."

அவளுடைய தம்பி மகேந்திரன் நெடுந்தீவில் பெண் எடுத்துக் கடல் தொழில் செய்கிறவன். முந்தாநாள் வந்து பெட்டியைக் கொண்டுபோயிருக்கிறான். வெயிலில், படகில், பிறகு ஓட்டோவில் குலுங்கிக்கொண்டு. உடனே கூப்பிட்டோம். நாலாவது முறை எடுத்தான். "பெட்டியை எங்க வச்சிருக்கிறாய்?" என்று தேவகி கத்தினாள். "குசினிக்குள்ள..." என்றது குரல். சமையலறை என்று எனக்குப் புரிந்த அதே நொடியில் தொடர்பு அறுந்தது. அதன் பிறகு எத்தனை முறை கூப்பிட்டும் மணியே போகவில்லை. அங்கே வேறு யாருடைய எண்ணும் தேவகியிடம் இல்லை.

அன்றைய கடைசிப் படகு போய்விட்டிருந்தது.

அறைக் கதவின் மேல் நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டோம். தேவகி புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் வைத்தாள். மூவரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "அடுப்பு எந்தப் பக்கம், அவங்க குசினியில?" என்று கேட்டேன். "சின்னக் குசினி அக்கா," என்றாள். "எந்தப் பக்கம் வச்சாலும் அடுப்புக்குக் கிட்டத்தான்."

மறுநாள் காலை முதல் படகுக்குக் குறிகட்டுவான் போனோம். தவம் வீட்டிலேயே நின்றுவிட்டார். மீன்காரரிடம் ஐஸ் வாங்கி அறையைக் குளிரவைப்பது அவர் பொறுப்பு. குளிர்ந்தால் ஈஸ்ட் உறங்கும், வாயுவும் அடங்கும். "கிட்டப் போகாதீங்க. தூரத்திலேர்ந்து கொட்டுங்க," என்று மூன்று முறை சொன்னேன். "ஓம், ஓம்," என்றார். அந்த 'ஓம்' எனக்கு நம்பிக்கை தரவில்லை.

இறங்குதுறைக் கடையில் ஒருவர் உள்ளங்கையில் பனங்கட்டித் துண்டை வைத்துக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தார். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். வாயில் வைத்ததும் துப்பிவிட்டேன். இனிப்பு என்ற ருசியே அன்று பயமாக இருந்தது.

நெடுந்தீவுப் படகில் உட்காரும் இடம் கீழே, இயந்திரத்தின் பக்கத்தில். டீசல் நாற்றம், சூடு. நான் கடற்கரை ஊரில் பிறந்தவள்தான், ஆனால் கடலைக் கரையில் நின்று பார்த்தவள். அரைமணி நேரத்தில் படகு ஏறி ஏறி விழ ஆரம்பித்தது. ஒவ்வொரு முறை விழும்போதும் பலகை அதிர்ந்தது. மேலேயிருந்து உப்புத் தண்ணீர் முகத்தில் அடித்தது. என் எதிரே இரண்டு பெண்கள் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நேற்று இதைவிடக் கடும் கடல்," என்றாள் ஒருத்தி.

"ஓமடி. இந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டு கும்பிடுறா பார்," என்றாள் மற்றவள்.

கும்பிட்டது உண்மைதான். ஆனால் கடலுக்காகக் கும்பிடவில்லை.

நெடுந்தீவில் இறங்கியதும் கிடைத்த ஒரே ஓட்டோவில் ஏறினோம். முருகைக்கல் என்கிற பவளப்பாறைக் கல்லை அடுக்கிக் கட்டிய மதில்கள் இரு பக்கமும் ஓடின. சிமென்ட் பூசாமல், கல்லின் மேல் கல் வைத்த மதில்கள். வெள்ளை வெயில். ஓரிடத்தில், அந்தத் தீவில் தன்னிச்சையாகத் திரியும் குதிரைகள் தெருவை மறித்து நின்றன. ஓட்டோக்காரர் ஹோர்ன் அடித்தார், அவை அசையவில்லை. ஒதுக்கிப் போகப் பார்த்ததில் முன்சக்கரம் மணலில் புதைந்தது.

"இறங்கித் தள்ள வேணும்," என்றார்.

தேவகி இறங்கித் தள்ளவில்லை. இறங்கி ஓடத் தொடங்கினாள். நானும் ஓடினேன். ஐம்பத்தொன்பது வயதில் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அந்த வெயிலில் ஓடியது இன்றைக்கும் முழங்காலில் வலிக்கிறது.

வீட்டுக் குசினி தனியாக, ஓலை வேய்ந்து, முற்றத்தின் ஓரத்தில் இருந்தது. கூரையிலிருந்து புகை வந்தது. நான்தான் முதலில் வாசலுக்குப் போனேன். தேவகி மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் நின்றாள்.

உள்ளே ஒரு பெண் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து மீன் குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். மகேந்திரனின் மனைவி பவானி. ஏழு மாத வயிறு. பலகையில் தாழ உட்கார முடியாததால் உயரமாக எதன் மேலோ சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாள். சாக்கின் ஓரத்தில் பழக்கூடையின் மஞ்சள் பிளாஸ்டிக் தெரிந்தது. அவள் உட்கார்ந்திருந்தது அந்தப் பெட்டியின் மேல்.

 கத்தினால் துள்ளி எழுவாள். எழுந்தால் பெட்டி குலுங்கும். தேவகி என் தோளுக்கு மேலால் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பவானி திரும்பினாள். "மச்சாள்! என்ன சொல்லாமல் கொள்ளாமல்? இதார்?"

"பவானி, மெல்ல எழும்பும்," என்றாள் தேவகி. குரல் உடைந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் பவானியின் முகம் மாறியது. அகப்பை கையிலேயே நின்றது. "பாம்போ? எனக்குப் பின்னால நிக்குதோ?"

"பாம்பு இல்லம்மா," என்றேன். நான் இவ்வளவு நிதானமாகப் பேசுவேன் என்று எனக்கே தெரியாது. "ஒண்ணும் இல்ல. என் கையைப் பிடிச்சுக்குங்க. பாரத்தை எல்லாம் என் மேல போட்டு, ஆடாம அசையாம எழுந்திருங்க. நான் பிடிச்சிருக்கேன்."

உள்ளே இரண்டு எட்டு வைத்தேன். அடுப்புச் சூடு முகத்தில் அறைந்தது. அந்தச் சூட்டில் மூன்று நாள் இருந்த பன்னிரண்டு பாட்டில்கள் என் முழங்காலுக்கு ஒரு அடி தள்ளி இருந்தன. அவள் இரண்டு கையாலும் என் கைகளைப் பற்றினாள். விரல்களில் மீன் வாடையும் மிளகாய்த் தூளும். கனமாக, மெதுவாக எழுந்தாள். பெட்டிக்குள் ஒரு கண்ணாடி இன்னொன்றோடு உரசும் சின்னச் சத்தம் கேட்டது. நான் அவளை முன்னால் விட்டு, அவளுக்கும் பெட்டிக்கும் இடையே என் முதுகைக் கொடுத்து நடந்தேன். சின்னச் சின்ன எட்டுகளாக, வாசல் வரை ஆறு.

முற்றத்தைத் தாண்டி வேப்பமரத்தடிக்கு அவளைக் கொண்டுபோய் உட்காரவைத்தோம். "அடுப்பு எரியுது, குழம்பு பிடிக்கப் போகுது," என்றாள் பவானி. "பிடிக்கட்டும்," என்றாள் தேவகி. அடுப்பில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று எனக்குத் தெரியும். வாளியில் தண்ணீர் எடுத்தேன். வாசலை நோக்கி நாலடி நடந்தேன். அதற்கு மேல் கால் போகவில்லை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என்னால் முடியவில்லை. வாளியோடு அங்கேயே நின்றேன்.

அப்படி நின்றபோதுதான் வெடித்தது.

ஒன்றா, இரண்டா, எனக்குத் தெரியவில்லை. ஓலைக் கூரையிலிருந்து தூசி கொட்டியது. குழம்புச் சட்டி நொறுங்கியது. வாசலால் வெள்ளை நுரை வழிந்து மணலில் இறங்கியது. பவானி இரண்டு கையாலும் வயிற்றைப் பொத்திக்கொண்டு குனிந்திருந்தாள். தேவகி அவள் மேல் கவிந்திருந்தாள்.

எங்கள் தெருவில் ஒரு சிலிண்டர் வெடித்தபோது ஊரே ஓடி வந்தது. இங்கே யாரும் ஓடி வரவில்லை. பேசிக்கொண்டிருந்த பக்கத்து வீடு சட்டென்று அடங்கியது. எங்கோ பாடிக்கொண்டிருந்த வானொலியை யாரோ நிறுத்தினார்கள். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு முருகைக்கல் மதிலுக்கு மேல் ஒரு தலை மெல்ல உயர்ந்தது. நரைத்த மயிர், மண் ஒட்டிய நெற்றி. அந்த மனிதர் தரையில் படுத்திருந்திருக்கிறார்.

"எவடத்தில? ஆர்?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"போத்தல், அண்ணை. போத்தல் வெடிச்சிட்டுது," என்றாள் தேவகி. சொல்லிவிட்டு அழத் தொடங்கினாள்.

அவர் நெற்றி மண்ணைத் துடைத்தார். "போத்தலோ?" என்றார். பிறகு உள்ளே திரும்பி, "எழும்புங்கோ, ஒண்டுமில்லை," என்று தன் வீட்டாருக்குச் சொல்வது கேட்டது.

பவானி வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள். "அசையேல்ல மச்சாள். சத்தத்துக்குப் பிறகு அசையேல்ல."  எங்களைத் தேடி அப்போதுதான் வந்து சேர்ந்த ஓட்டோவிலேயே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். தேவகி வரவில்லை. "மிச்சத்தைத் திறக்க வேணும்," என்றாள்.

"நான் வரும்வரைக்கும் தொடாதே."

"நீங்கள் அடைக்கேல்ல அக்கா. நான் அடைச்சனான்."

ஆஸ்பத்திரியில் தாதி பவானியின் வயிற்றில் கருவியை வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினாள். ஒரு நிமிடம் இரைச்சல் மட்டும் வந்தது. பவானி என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், நகம் இறங்கியது. பிறகு, வேகமாக ஓடும் சின்னக் காலடிகள் போலக் கேட்டது. "நல்லாயிருக்கிறார்," என்றாள் தாதி. "பயந்துபோய் ஒதுங்கிப் படுத்திருக்கிறார். என்ன வெடிச்சது?"

"போத்தல்," என்றோம் இருவரும். 

திரும்பி வந்தபோது மகேந்திரன் கடலிலிருந்து வந்திருந்தான். கையடக்கத் தொலைபேசி நேற்றுப் பேசும்போதே கடலில் விழுந்த கதையைச் சொல்ல வாயெடுத்தவன் மனைவியைப் பார்த்ததும் நிறுத்திவிட்டான். அவனுடைய மீன்பெட்டி ஐஸ் முழுவதையும் குசினிக்குள் தூரத்திலிருந்தே கொட்டியிருந்தார்கள். இரண்டு மணி நேரம் குளிரவிட்ட பிறகு தேவகி போனாள். மோட்டார்சைக்கிள் தலைக்கவசம், தம்பியின் தடித்த மழைக்கோட்டு, கைகளில் சாக்குத்துணி. ஒவ்வொரு போத்தலையும் ஈரச் சாக்கால் மூடி, மூடியை இம்மி இம்மியாக நெம்பினாள். நான் முற்றத்தில் நின்று, "மெதுவா, வாயு மட்டும் போகட்டும், இப்ப நிறுத்து," என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பாம்பு சீறுவது போல ஒவ்வொன்றும் சீறியது. பத்துப் போத்தல். கடைசி மூடி விழுந்ததும் தலைக்கவசத்தைக் கழற்றினாள். தலைமயிர் முழுவதும் வியர்வையில் நனைந்திருந்தது.

புங்குடுதீவிலிருந்து தவமும் தேவகியின் தொலைபேசிக்குக் கூப்பிட்டார். ஐஸ் போட்டுத் தூரத்தில் நின்றிருக்கிறார். இரண்டு மட்டும் வெடித்திருக்கின்றன. இந்த முறை அவருடைய 'ஓம்' உண்மையாக இருந்திருக்கிறது. மிச்சத்தை நாளைக்கு நாங்கள் வந்து திறக்கலாம் என்றார்.

பின்னேரப் படகு போய்விட்டது, அங்கேயே தங்கினோம். குழம்பு போனதால் பவானி முற்றத்தில் அடுப்பு மூட்டிச் சோறு மட்டும் வடித்தாள். மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தவர் வீட்டிலிருந்து ஒரு சட்டி தேங்காய்ப்பால் சொதியும், சுறாவை உதிர்த்து வதக்கிய வறையும் வந்தன. கொண்டுவந்த பெண், "எங்கட மனுசன் இண்டைக்குச் சாப்பிட மாட்டார். உங்களுக்காவது ஆகட்டும்," என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

வெயில் சாய்ந்து, மதில்களின் நிழல் முற்றத்தில் நீண்டு கிடந்தது. தேவகி குசினிக்குள் மண்டியிட்டு, மண்ணை விரலால் அளைந்து கண்ணாடித் தூளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நாளைக்கு இந்த மண்ணில் பவானி வெறுங்காலோடு நடப்பாள். போதும், சாப்பிட வா என்று இரண்டு முறை கூப்பிட்டேன். அவள் நிமிரவில்லை.

பவானி எனக்குத் தட்டில் சோறு போட்டாள். நேற்றுத் தின்ற பாதி வடைக்குப் பிறகு நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை. சோற்றை அள்ளினேன். வாய்க்குக் கொண்டுபோகுமுன் எல்லாம் மடியில் சிந்தியது. மறுபடி அள்ளினேன். கை நிற்கவில்லை, தோள் வரை உதறியது. பவானியை எழுப்பிக் கூட்டி வந்தபோது வராத நடுக்கமெல்லாம் அப்போதுதான் வந்தது.

 அவள் என் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். சொதியை ஊற்றி, வறையைச் சேர்த்துக் குழைத்து, உருட்டினாள்.

"கையைக் கீழ வையுங்கோ அக்கா," என்றாள். "வாயைத் திறவுங்கோ."